பெரணிக்குப் பெயர் வைத்த மழைக்காலம்

ஜூன் 18

வால்பாறை வந்து சேர்ந்தோம். பொள்ளாச்சியில் ஏறியதிலிருந்து செண்பா தூங்கிக்கொண்டே வந்தாள். நான் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு, வாந்தி வந்தால் என்ன செய்வது என்று யோசித்தபடி சன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வாந்தி வரவில்லை. வளைவுக்கு வளைவு கீழே அணைத் தண்ணீர் சின்னதாகிக்கொண்டே போனது. ஓரிடத்தில் இரண்டு வரையாடுகள் நடுரோட்டில் நின்றன. டிரைவர் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

இந்த டைரி செண்பா கொடுத்தது. "இங்க டிவி கிடையாதும்மா. மழை பிடிச்சா ரெண்டு நாள் வெளிய போக முடியாது. எதையாவது எழுது" என்றாள். எதை எழுதுவது? இருந்தாலும் புதுத் தாளை வீணாக்க மனமில்லை.

செண்பகவல்லி எங்கள் ஒரே மகள். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் பெரணிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். பூக்காமல் காய்க்காமல் ஈரத்தில் வளருமே, கிணற்றுச் சுவரில் பார்த்திருப்போமே, அந்தச் செடிகள். அவளோடு காட்டுக்கு வரவேண்டிய பெண் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். தனியாக உள்ளே போகக்கூடாது என்பது விதி. மாற்று ஆள் ஜூலை முதல் வாரம்தான் வருவாளாம். அதுவரை துணைக்கு யார் என்ற பேச்சு வந்தபோது, "நான் வரட்டுமா?" என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். செண்பா சரி என்றுவிட்டாள்.

அவருக்கு இஷ்டமில்லை. "ரெண்டே வாரம்" என்று விரலைக் காட்டினார். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். கரண்டை நிறுத்துவதும் கொடுப்பதும் அவர் சொல்லில் இருந்தது. வீட்டிலும் அப்படித்தான்.

எஸ்டேட்காரர்கள் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் காலியாகக் கிடந்த ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். தகரக் கூரை. பக்கத்து வீட்டு ஜெபமாலை தேயிலை பறிக்கிறவள், என்னைவிட ஐந்தாறு வயது இளையவளாக இருப்பாள். கேட்காமலேயே சுடச்சுடத் தேநீர் கொண்டுவந்தாள். "இருட்டினப்புறம் கதவத் தெறக்காதீங்கக்கா. சிறுத்தை சுத்துது" என்றாள், பால்காரன் வருவான் என்பது போல.

ஜூன் 19

மழை.

ஜூன் 20

மழை. துவைத்துப் போட்ட புடவை நேற்றைவிட இன்று அதிக ஈரமாக இருக்கிறது.

ஜூன் 21

இன்றுதான் வெளியே போனோம். புடவை கூடாது என்று செண்பா தன் பழைய சுடிதாரைக் கொடுத்தாள். முப்பது வருஷமாகப் புடவை தவிர வேறு கட்டியதில்லை. ஜெபமாலை பார்த்துச் சிரிப்பாளோ என்று வாசலில் தயங்கினேன். அவள் என் காலைத்தான் பார்த்தாள். "உப்பு எடுத்துக்கிட்டீங்களா? அட்டை ஏறும்" என்றாள்.

ஏறியது. நான் கத்திய கத்தில் மரத்திலிருந்த கருங்குரங்குகள் ஓடிப்போயின.

எஸ்டேட்டுக்குக் குடிதண்ணீர் வருவது ஒரு பழைய கல் வாய்க்கால் வழியாக. காட்டோரம் அது ஒரு பாறைச் சரிவை ஒட்டி வளைகிறது. அங்கே செண்பா மண்டியிட்டாள். பிள்ளையார் முன்கூட அவள் அப்படி மண்டியிட்டு நான் பார்த்ததில்லை.

"இதான்மா."

"எது?"

"இதுதான். இந்தக் கல்லுல."

எனக்குப் பாசி மட்டும்தான் தெரிந்தது. அவள் கழுத்தில் தொங்கிய சின்ன லென்ஸைக் கண்ணில் வைத்து, கல்லுக்கு மூக்கு இடிக்கும் அளவுக்கு நெருங்கச் சொன்னாள். முதலில் மங்கல். பிறகு சட்டென்று தெளிந்தது. இலைகள்! ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. வெங்காயத்தின் உள்தோல் போல அந்தப் பக்கம் தெரிகிறது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் தண்ணீர் உருண்டு நிற்கிறது. ஒரு முழுக் காடு அந்தக் கல்மேல் இருந்தது.

"இதுக்கு வேரே கிடையாதும்மா" என்றாள் செண்பா. "முடி மாதிரி ஒண்ணு இருக்கும். அத வச்சுக் கல்லப் பிடிச்சுக்கும். தண்ணிய இலையே குடிச்சுக்கும்."

வேரே இல்லாமல் ஒரு செடி. அதை இன்னும் கொஞ்சம் பார்த்தேன். முட்டி வலித்தது என்பதால்தான் எழுந்தேன்.

ஜூன் 24

அவர் போன் செய்தார். சீனி டப்பா எங்கே என்று கேட்டார். அடுப்புக்கு மேலே, இடது கைப்பக்கம், சிவப்பு மூடி. வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டு, அது உப்பு என்றார்.

ஜூன் 28

மழையால் வீட்டிலேயே இருந்தோம். செண்பா பெயர் வைக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தாள். ஒவ்வொரு செடிக்கும் இரண்டு சொல். முன்னால் இருப்பது குடும்பத்துக்குப் பொது, நம் இனிஷியல் மாதிரி. பின்னால் இருப்பது அதற்கே அதற்கு. இந்தக் குட்டிப் பெரணிக் கூட்டத்துக்கு முன்பெயர் டிடிமோகிளாசம். வாயில் நுழைய அரை மணி நேரம் ஆனது. இரட்டை நாக்கு என்று அர்த்தமாம்.

"ரெட்டை நாக்கா? பொய் சொல்லுமா?"

செண்பா சிரிக்கவில்லை. இந்தப் பெண் சின்ன வயதில் எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபின் முகத்தை இறுக்கிக்கொண்டே இருக்கிறாள்.

இந்தக் கூட்டத்தில் பல வகையை ஒரே பெயருக்குள் அடைத்து வைத்திருக்கிறார்களாம். மற்றவற்றில் இலையோரத்தை ஒட்டி ஒரு நரம்பு ஓடும், புடவைக்கு பார்டர் போல. நம் கல்லில் இருப்பதற்கு பார்டர் கிடையாது. ஆகவே இது வேறு, இதற்கு இன்னும் பெயரே இல்லை என்பது செண்பாவின் கட்சி. ஆனால் அதை நிரூபிக்க வித்துக் கிண்ணம் வேண்டும். இந்தச் செடி விதைக்குப் பதிலாகத் தூள் மாதிரி வித்து விடும், அது உட்காரும் கிண்ணம் இலை நுனியில் முளைக்கும். இரண்டு மழைக்காலமாகத் தேடுகிறாள், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கிண்ணம் இல்லாமல் கட்டுரை அனுப்பாதே என்று பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்தச் செடியை இதுவரை பார்த்தது இந்த ஒரு வாய்க்கால் வளைவில் மட்டும். இந்த வருஷத்தோடு உதவித்தொகையும் முடிகிறது.

ஜூலை 3

மாற்றாக வரவேண்டிய பெண் இன்று போன் செய்தாள். செண்பா குளித்துக்கொண்டிருந்ததால் நான் பேசினேன். நல்ல பெண். அட்டை எப்படி என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். சிறுத்தையைப் பற்றியும் கேட்டாள். அதுவும் இருக்கிறது என்றேன். துணி காயாததைப் பற்றி அவள் கேட்கவில்லை, இருந்தாலும் தெரிந்துகொள்ளட்டும் என்று சொன்னேன்.

மாலையில் அவள் வரவில்லை என்று செண்பாவுக்குத் தகவல் வந்தது. என்ன ஆயிற்றோ. வேறு வழியில்லை, நானே இன்னும் கொஞ்ச நாள் இருக்கவேண்டியதுதான்.

ஜூலை 8

அவர் போன். சோறு அடிப்பிடித்துவிட்டதாம். அந்தப் பாத்திரத்தை என்ன செய்வது என்று கேட்டார். ஊற வையுங்கள் என்றேன். "நீ எப்ப வார?" என்றார். செண்பா தனியாக இருக்கிறாளே என்றேன். அது உண்மைதானே.

ஜூலை 13

தலைவலி மாத்திரை தேடினேன், ஜெபமாலைக்கு. என் பையின் அடியில் மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடந்தது. வீட்டில் வாரம் ஒன்றாவது போட்டுக்கொள்வேன். வந்ததிலிருந்து ஒன்றுகூடப் போடவில்லை. தண்ணீர் மாறியதால் இருக்கும்.

ஜூலை 19

லைன் வீடுகளில் நாலைந்து பிள்ளைகளுக்கு மஞ்சள்காமாலை. ஜெபமாலையின் தங்கை மகனும் படுத்துவிட்டான். வாய்க்கால் தண்ணீர்தான் காரணம் என்று மருத்துவர் சொன்னாராம். ஞாயிற்றுக்கிழமை வாய்க்கால் முழுவதையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கொட்டிக் கழுவப்போகிறார்கள்.

செண்பா செய்தி கேட்ட உடனே செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் சூப்பர்வைசர் மைக்கேல்ராஜிடம் ஓடினாள். நானும் பின்னால் போனேன். இப்படியொரு தாவரம் உலகத்தில் வேறெங்கும் பதிவாகவில்லை, இது பல்லுயிர் பாதுகாப்புச் சம்பந்தப்பட்ட விஷயம் என்று புத்தகம் படிப்பதுபோல மூச்சு விடாமல் சொன்னாள்.

மைக்கேல்ராஜ் பொறுமையாகக் கேட்டார். "பிள்ளைங்க வாந்தி எடுத்துக் கெடக்குதுங்கம்மா. பாசிக்காக நிறுத்தச் சொல்றீங்களா?" என்றார்.

செண்பா திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். "அவர் சொல்றதுதானம்மா நியாயம். அதான் எனக்கு அழுகையா வருது" என்றாள்.

ஜூலை 20

காலையில் ஜெபமாலையைக் கூட்டிக்கொண்டு வாய்க்காலுக்குப் போனேன். செண்பா வரவில்லை. பார்க்கத் தைரியமில்லை என்றாள்.

ஜெபமாலை கையை விட்டுப் பார்த்தாள். அடியில் வழவழவென்று சேறு, அழுகிய இலை, ஏதோ செத்த நாற்றம். பெரணி இருக்கும் மூன்று கல்லும் தண்ணீருக்கு மேலே, பாறைக்கு அடியில் உள்ளடங்கி இருக்கின்றன. சாரல்தான் அவற்றை நனைக்கிறது. வாய்க்கால் தண்ணீர் தொடுவதே இல்லை.

"அழுக்கு கீழதான இருக்கு. மேல இருக்கிறத ஏன் தேய்க்கணும்?" என்றேன்.

"கூலிக்கு வர்றவன் மேல கீழன்னு பாப்பானாக்கா? பிரஷ்ஷப் போட்டு ஒரே இழுப்பா இழுத்துட்டுப் போயிருவான்."

"அப்ப நாமளே தேய்ச்சா?"

ஜெபமாலை என்னைப் பார்த்தாள். என் வீட்டில் இத்தனை வருஷமாகத் தரை தேய்த்தவள் நான்தானே, என்னால் முடியாதா?

மைக்கேல்ராஜிடம் நானே பேசினேன். செண்பா மாதிரி எனக்குப் பேசத் தெரியாது. "தம்பி, அந்த வளைவை மட்டும் எங்ககிட்ட விட்டுருங்க. பளிங்கு மாதிரி தேய்ச்சுத் தாறோம். மேல இருக்கிற மூணு கல்ல மட்டும் தொட வேண்டாம். நீங்க வந்து கைய வச்சுப் பாருங்க. வழுக்குச்சுன்னா உங்க ஆள விட்டு எல்லாத்தையும் சுரண்டுங்க, ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்."

"வழுக்கக் கூடாதும்மா" என்றார்.

ஜூலை 21

உடம்பெல்லாம் வலி. நன்றாக இருக்கிறது.

ஜெபமாலை ஏழெட்டுப் பெண்களைக் கூட்டி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை, லீவு நாள், மழை வேறு. யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். செண்பா மூன்று கல்லையும் தார்ப்பாயால் போர்த்திக் கட்டினாள், பிளீச்சிங் பவுடர் தெறிக்காமல் இருக்க. பிறகு அவளும் துடைப்பத்தோடு வாய்க்காலுக்குள் இறங்கினாள். தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்தோம். சேற்றை வாளி வாளியாக அள்ளினோம். வளைவுக்கடியில் ஒரு பெருச்சாளி செத்துக் கிடந்தது. அதை எடுத்த பெண் வாலைப் பிடித்துச் சுழற்றிக்கொண்டே எல்லோரையும் துரத்தினாள். இத்தனை வயதில் நான் அப்படி ஓடியிருக்கிறேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

முடிந்ததும் ஒருத்தி, "அப்படி என்னதாங்க இருக்கு அந்தக் கல்லுல?" என்று கேட்டாள். செண்பா தார்ப்பாயை விலக்கி லென்ஸைக் கொடுத்தாள். வரிசையில் நின்று ஒவ்வொருத்தியாகப் பார்த்தார்கள். மூக்குத்திக் கல் மாதிரி இருக்கிறது என்றாள் ஒருத்தி. பச்சை சல்லாத் துணி என்றாள் ஜெபமாலை. இன்னொருத்தி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இத்தினிக்கு இத்தினியா இருந்துக்கிட்டு எவ்வளவு ஒழுங்கா இருக்கு பாரு" என்றாள்.

மைக்கேல்ராஜ் வந்து அடிக்கல்லில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார். வழுக்கவில்லை. கம்பி பிரஷ்காரர்களை அடுத்த வளைவுக்கு அனுப்பினார். போகும்போது அவரும் லென்ஸைக் கேட்டார்.

ஜூலை 27

பிள்ளைகள் எழுந்து நடமாடுகிறார்கள். அவர் போன் செய்தார். இன்று புளிக்குழம்பு வைத்தாராம். வெந்தயம் எப்போது போடவேண்டும் என்று கேட்பதற்காகக் கூப்பிடவில்லை, போட்டு முடித்துவிட்டு அதைச் சொல்வதற்காகக் கூப்பிட்டார். அவர் குரலில் இருந்த கர்வத்தை, பிரமோஷன் வந்த அன்றுகூட நான் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 2

நான்கு நாளாக வெயில். மழைக்காலத்தில் இப்படிக் காய்வது அபூர்வம் என்கிறார்கள். துணியெல்லாம் காய்ந்தது. இன்று போய்ப் பார்த்தால் கல்மேல் பெரணியே இல்லை. கறுப்பாகச் சுருண்டு, எரிந்த நூல்போல ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"பவுடர் பட்டிருச்சோ?" என்றேன். நான்தானே அவர்களைத் தேய்க்கச் சொன்னேன்.

"தெரியலம்மா" என்றாள் செண்பா. பாட்டிலில் இருந்த தண்ணீரை ஊற்றப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம். அதுவா என்ன செய்யுதுன்னு பாக்கணும்."

என் மகள் இல்லை, வேறு யாரோ பெரிய மனுஷி பேசுவதுபோல இருந்தது.

ஆகஸ்ட் 3

வெயில். ஊரே வெயிலைக் கொண்டாடுகிறது. எனக்கு எரிச்சலாக வருகிறது.

ஆகஸ்ட் 5

விடியற்காலையில் தகரத்தில் படபடவென்று சத்தம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்தோம். தேநீர்கூடக் குடிக்காமல் வாய்க்காலுக்கு ஓடினோம்.

விரிந்திருந்தது! ஒவ்வொரு இலையும், சுருட்டி வைத்த பாயை உதறிப் போட்டதுபோல. நேற்றுவரை செத்துக் கிடந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? செண்பா மழையில் நின்று சிரித்தாள். பல்லெல்லாம் தெரிய, சத்தமாக. எத்தனை வருஷமாயிற்று!

ஆகஸ்ட் 9

கிடைத்தது.

எழுதக் கை ஓடவில்லை. முறையாக எழுதுகிறேன். காலை பத்து மணி இருக்கும். நான் குடை பிடித்துக்கொண்டிருந்தேன், செண்பா மூன்றாவது கல்லின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று பேச்சு நின்றது. "அம்மா" என்றாள், மெல்ல, பயந்துபோனவள் மாதிரி. பாம்போ என்று நினைத்து நான் குடையைக் கீழே போட்டுவிட்டேன்.

லென்ஸை என்னிடம் கொடுத்தாள். இலை நுனியில் ஒரு கிண்ணம். எக்காளத்தின் வாய் மாதிரி விரிந்து, இரண்டு உதடாகப் பிரிந்திருக்கிறது. நடுவிலிருந்து ஒரே ஒரு மயிரிழை நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் அடியில் பொடிப்பொடியாக வித்து. அந்த இரண்டு உதடுதான் இரட்டை நாக்கு என்ற பெயருக்குக் காரணம் என்று செண்பா சொன்னாள். சொல்லிக்கொண்டே அழுதாள். நானும்தான். மழையில் யாருக்குத் தெரியப்போகிறது.

தேடத் தேட இன்னும் கிடைத்தன. வேண்டிய அளவு மட்டும் எடுத்தாள், மிச்சத்தைக் கல்லிலேயே விட்டாள். எடுத்ததில் ஒன்றை உலர்த்தித் தாளில் ஒட்டி, செடிகளுக்கான காப்பகத்தில் வைப்பார்களாம். இனி எந்தக் காலத்திலும் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்களாம். மாலையில் ஜெபமாலை வீட்டில் கேசரி கிண்டினேன். லைன் முழுக்கக் கொடுத்தோம்.

ஆகஸ்ட் 15

செண்பா கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறாள். பின்பெயர் என்ன வைக்கப்போகிறாய் என்று கேட்டேன்.

"நெக்ளெக்டம்."

"அப்படின்னா?"

"கவனிக்கப்படாதது. யாரும் கண்டுக்காம விட்டதுன்னு அர்த்தம். இத்தனை வருஷம் இங்கயே இருந்தும் ஒருத்தர் கண்ணுலயும் படலையில்ல?"

நல்ல பெயர் என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனேன். சோறு குழைந்துவிட்டது. ரசத்தில் உப்பு இல்லை. இந்த அடுப்பு சரியில்லை.

ஆகஸ்ட் 16

"ஏம்மா நேத்துலருந்து ஒரு மாதிரி இருக்க?" என்று செண்பா கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். மறுபடி கேட்டாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னேன். சொல்ல ஆரம்பித்தபின் நிறுத்த வரவில்லை.

"அது பாட்டுக்கு நல்லாத்தான் இருந்திருக்கு. மழை வந்தா விரிஞ்சுது, வெயில் வந்தா சுருண்டுக்கிட்டுது, கிண்ணம் வச்சுது, வித்து விட்டுது. நீங்க யாரும் பாக்கலங்கிறது உங்க சமாச்சாரம். அது எதுக்கு அந்தப் பேரைச் சுமக்கணும்? நாளைக்கு அதைப் பாக்கிறவன் எல்லாம் ஐயோ பாவம்னுதானே பாப்பான்? அது ஐயோ பாவம் இல்ல செண்பா. எத்தனை சந்தோஷமா இருக்குன்னு லென்ஸ் வச்சுப் பாத்தவளுக்குத் தெரியாதா?"

செண்பா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். என்னையே பார்த்தாள். நான் வெங்காயத்தைப் பார்த்தேன். பெரணியைப் பற்றித்தான் சொன்னேன், வேறு எதைப் பற்றியும் இல்லை.

பிறகு லத்தீன் அகராதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 17

லேட்டம்.

லத்தீனில் சந்தோஷமானது, செழிப்பானது என்று அர்த்தம். டிடிமோகிளாசம் லேட்டம். இதே கூட்டத்தில் அந்தப் பெயர் வேறு எதற்காவது வைத்திருக்கிறார்களா என்று அலசிப் பார்த்தாள். இல்லை. பேராசிரியரும் நல்ல பெயர், யாருக்குத் தோன்றியது என்று கேட்டாராம். "என் ஃபீல்டு அசிஸ்டென்ட்டுக்கு" என்றாளாம். யாரைச் சொல்கிறாள் என்று ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை.

அவரிடம் போனில் சொன்னேன். "லேட்டமா? லேட்டாக் கண்டுபிடிச்சதாலயா?" என்று கேட்டார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. அந்தப் பக்கம் அவரும் சிரித்தார். எங்கள் இருவருக்கும் போனில் சிரித்துப் பழக்கமில்லை. எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் இருவருமே வைக்காமல் இருந்தோம்.

செப்டம்பர் 4

கட்டுரை அனுப்பியாயிற்று. பத்திரிகையில் இரண்டு நிபுணர்கள் படித்துத் தீர்ப்புச் சொல்வார்கள். அச்சில் வந்தால்தான் பெயர் செல்லும்.

ஊருக்குக் கிளம்பலாம் என்று பெட்டியை எடுத்தேன். வடக்கு ஓடையில் இதே கூட்டத்தில் இன்னும் இரண்டு வகை இருக்கக்கூடும், பார்க்கவேண்டும் என்று செண்பா சொன்னாள். பெட்டியை மறுபடி கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

செப்டம்பர் 22

வடக்கு ஓடை. இடுப்பளவு தண்ணீர். முதலில் இறங்கியது நான்.

அக்டோபர் 13

பத்திரிகையிலிருந்து மின்னஞ்சல். ஏற்றுக்கொண்டார்கள்! பெயரில் எந்த மாற்றமும் இல்லை. அடுத்த இதழில் வருகிறது. இனி அந்தச் செடியின் பெயரை எங்கே எழுதினாலும் பின்னால் செண்பாவின் பெயரையும் எழுதுவார்களாம். கடைசியில் நன்றி சொல்லும் பகுதியைக் காட்டினாள். மைக்கேல்ராஜ், ஜெபமாலை, வாய்க்கால் தேய்த்த அத்தனை பெண்கள், எல்லோர் பெயரும் இருந்தது. 'கள உதவி: ஆவுடையம்மாள்' என்றும் இருந்தது. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று நாலைந்து தடவை படித்துப் பார்த்தேன்.

அவர் போனில் செய்தியைக் கேட்டதும், "நான் அங்க வாரேன்" என்றார். "தீபாவளிக்கு உன்னக் கூட்டிட்டு வந்துருதேன்."

அக்டோபர் 18

வந்துவிட்டார். மெலிந்திருக்கிறார், ஆனால் முகம் தெளிவாக இருக்கிறது. பையிலிருந்து ஒரு எவர்சில்வர் தூக்கை எடுத்து என் முன் வைத்தார். புளிக்காய்ச்சல். அவரே செய்தது. சோற்றில் பிசைந்து நான் வாயில் வைக்கும்வரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெருங்காயம் கொஞ்சம் தூக்கல்" என்றேன்.

"பக்கத்து வீட்டு அம்மா சரியா இருக்குன்னாங்களே" என்றார், முகம் வாடி.

"சரியாத்தான் இருக்கு" என்று இரண்டாம் தரம் போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 19

அவரை வாய்க்காலுக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் எங்கே கால் வைப்பது, எந்தக் கிளையைப் பிடிக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டே முன்னால் போனேன். திரும்பிப் பார்த்தால் அவர் செடியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தார்.

லென்ஸைக் கொடுத்தேன். முதலில், "ஒண்ணும் தெரியலயே" என்றார். தலையைப் பிடித்துச் சரியான இடத்துக்குக் கொண்டுபோனேன். கரண்ட் கம்பத்தில் ஏறி நின்று வேலை பார்த்தவர், மண்டி போட்டு ஒரு கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, "எப்பக் கிளம்புதோம்?" என்றார்.

செண்பா தனியாக இருக்கிறாள் என்று சொல்லலாம். மழை விடட்டும் என்று சொல்லலாம். மூன்று மாதமாக அப்படித்தான் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நான் இப்ப வரலங்க. எனக்கு இங்க இருக்கணும்போல இருக்கு" என்றேன்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கு இப்படி இருக்கிறது என்று நான் அவரிடம் சொன்னது இது முதல் தடவையோ என்னவோ. திரும்பி வரும் வழியில் ஒரு சறுக்கலில் கையை நீட்டினார். பிடித்து இறக்கிவிட்டேன்.

அக்டோபர் 20

தீபாவளி. அவர் காலையில் எழுந்து எல்லோருக்கும் இட்லி ஊற்றினார். ஜெபமாலை வாயில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். லைன் பிள்ளைகளோடு மத்தாப்பு கொளுத்தினார். நேற்றைய பேச்சை எடுக்கவே இல்லை. கோபமா என்று முகத்தை முகத்தைப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

அக்டோபர் 22

அவரை பஸ் ஏற்றப் போனேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. வழியில் அவர் பேசியதெல்லாம் ரசப்பொடி எவ்வளவு நாள் கெடாமல் இருக்கும், மாவு எத்தனை மணி நேரம் புளிக்கவேண்டும் என்பதைப் பற்றித்தான். நானும் பதில் சொல்லிக்கொண்டே போனேன்.

பஸ்ஸில் சன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தார். நான் கீழே நின்றேன். டிரைவர் இன்ஜினைப் போட்டார். கண்டக்டர் படிக்கட்டில் நின்று என்னைப் பார்த்து, "அம்மா ஏறலையா? வண்டி கிளம்புது" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"அவங்க வரலப்பா. அவங்களுக்கு இங்க வேலை இருக்கு."

கண்டக்டர் விசிலடித்தார். பஸ் வளைவில் திரும்பும்வரை அவர் தலை வெளியேதான் இருந்தது. மழையில் நனைகிறதே, உள்ளே எடுங்கள் என்று கையைக் காட்டினேன். அவர் பதிலுக்குக் கையை ஆட்டினார்.

செண்பா ஓடைக்குக் கிளம்பத் தயாராகக் காத்திருப்பாள். ஆனாலும் பஸ் ஸ்டாண்டு கடையில் நின்று சூடாக ஒரு பருப்பு வடை வாங்கித் தின்றேன். தனியாகக் கடைவாசலில் நின்று நான் எதையும் தின்றதில்லை. நன்றாக இருந்தது. இன்னொன்று வாங்கினேன்.